சேனாதிபதியின் வெள்ளைக் குதிரை

மகாராஜாவுக்கு அசல் வெள்ளைக் குதிரை பரிசளிக்கப் போவதாகச் சேனாதிபதி ஊரெல்லாம் முழக்கியிருந்தார். பொம்மைக்கு வர்ணம் பூசும் செங்கமலத்தை லாயத்துக்கே வரவழைத்தார்.

"இளவரசருக்கு இதே குதிரை கட்டைவிரல் அளவுல வேணும். ஒரு மயிர் வித்தியாசம் இருந்தாலும் உன் விரலை வெட்டிடுவேன்."

செங்கமலம் குதிரையின் கழுத்தைத் தடவினாள். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அச்சு அசலாச் செஞ்சுடறேன், சாமி."

பரிசளிக்கும் நாளில் சபையே பொம்மையை எட்டி எட்டிப் பார்த்தது. பிடரி காற்றில் சிலிர்ப்பது போலவே இருந்தது. ஆசையாக ராஜா அதை வருடினார். வெள்ளை உதிர்ந்து, அடியில் செம்பழுப்பு தெரிந்தது.

"எடுங்கடா கத்தியை" என்று ஓரமாக நின்ற செங்கமலத்தின் மேல் பாய்ந்தார் சேனாதிபதி.

"பொறுங்க சாமி. வாசல்ல நிக்கிற பெரிய குதிரையையும் மகாராஜா இப்படியே தடவிப் பார்க்கட்டும். ஒரு மயிர் வித்தியாசம் இருந்தா வெட்டுங்க."

ராஜா விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். திரும்பி வந்தவரின் கையெல்லாம் சுண்ணாம்பு. சேனாதிபதியின் முகம் அதைவிட வெளுத்திருந்தது.