ஆறாவது வசனம்

அரசலாற்றங்கரை மதரஸாவில் அந்த வருஷம் ஒரு மாணவருக்கு வயது ஐம்பத்தொன்று. பாடம் நடத்திய ஹஜ்ரத்துக்கு முப்பத்து நாலு.

மாணவர் பெயர் அப்துல் வதூத். சின்ன வயதில் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். பிறகு வெளிநாட்டில் துணிக்கடை, இருபத்தைந்து வருஷம். திரும்பி வந்தவர் மார்க்கச் சட்டம் படிக்க உட்கார்ந்தார். ஹஜ்ரத் இல்யாஸ் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மாதம் நடந்த பாடம் மன்சூக். குர்ஆனில் பின்னால் இறங்கிய வசனம் ஒன்று முன்னால் இறங்கிய ஒன்றின் சட்டத்தை நீக்கிவிடும். நீக்கப்பட்டது மன்சூக். சட்டம் போனாலும் வசனம் அங்கேயே இருக்கும், ஓதப்படும்.

பாடம் அப்துல் வதூதுக்குப் பிடித்துவிட்டது. போகுமிடமெல்லாம் அதே பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் பையன்கள், "வதூது நானா, நேத்து வச்ச கத்திரிக்காய் இன்னிக்கு மன்சூக்கா?" என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார்.

ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் ஹஜ்ரத்திடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

அவருடைய தம்பி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தம்பியின் மனைவி கமருன்னிசா அப்துல் வதூத் வீட்டு உள்ளறையில் இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. இன்னும் ஒன்பது நாளில் முடிகிறது. தம்பி சொத்தில் அவளுக்குச் சேர வேண்டிய கால் பங்கைக் கொடுத்தாகிவிட்டது. வீடு இவர் பெயரில். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த அறை வேண்டும்.

அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் ஒருவன் திருப்பூரில் ஒற்றை அறையில் நாலு பிள்ளைகளோடு இருந்தான். அவள் இவர் மனைவி வழியாக ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். வீட்டுக்காரர் மௌத்தாகி வருஷம் திரும்பட்டும், பாத்திஹா ஓதிவிட்டுப் போய்விடுகிறேன் என்று.

இவர் கிதாபைப் புரட்டினார். கணவன் இறந்தவளை ஓராண்டு வரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று ஒரு வசனம் இருந்தது. நாலு மாதம் பத்து நாள் வசனம் அதை நீக்கிவிட்டது. அவருக்கு நிம்மதியாக இருந்தது. இத்தா முடிந்ததும் அவளை அனுப்பலாம் என்று அதையே ஃபத்வாவாக, மார்க்கத் தீர்ப்பாக, எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

ஹஜ்ரத் இரண்டு தடவை படித்தார். சான்றுகள் சரியாக இருக்கின்றன என்றார். ஓரிடத்தில் விட்டுப்போன நூல் பெயரைச் சேர்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்துல் வதூத் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

அன்று பள்ளிவாசல் இமாம் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தார். ஹஜ்ரத் அப்துல் வதூதின் முதுகில் கை வைத்து, தொழுகை நடத்த முன்னால் அனுப்பினார்.

"இத்தா வசனத்திலேர்ந்து ஓதுங்கண்ணே. விதவைங்க பேச்சு முடியுற வரைக்கும்."

"மஃரிபுல அவ்வளவு நீளமா, ஹஜ்ரத்?"

"அவ்வளவு நீளமில்லை."

அவர் தக்பீர் கட்டி ஓதத் தொடங்கினார். நல்ல குரல். நாலு மாதம் பத்து நாள் வந்தது, கடந்தது. அடுத்து ஐந்து வசனங்கள் தடங்கலில்லாமல் போயின. ஐந்தாவதின் கடைசிச் சொல்லோடு குரல் நின்றது.

பின்னுக்கு ஒரு வசனம் போய் மறுபடி வந்தார். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் அப்படித்தான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

இமாம் தடுமாறினால் பின்னால் நிற்பவர் அடியெடுத்துக் கொடுப்பது வழக்கம். ஹஜ்ரத் தணிந்த குரலில் இரண்டு சொல் எடுத்துக் கொடுத்தார்.

அப்துல் வதூத் அந்த வசனத்தை ஓதினார். ஓராண்டு என்ற இடம் வந்தது. வெளியேற்றாமல் என்ற இடம் வந்தது. அங்கே அவர் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

தொழுகை முடிந்து எல்லோரும் போனார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோது பையிலிருந்து விழுந்த காகிதம் பாயில் கிடந்தது. ஹஜ்ரத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷத்துல அந்த வசனம் எனக்குத் தப்பினதில்லை ஹஜ்ரத்."

"தெரியும்."

"நீங்க எடுத்துக் குடுக்காம இருந்திருந்தா அப்படியே ருகூவுக்குக் குனிஞ்சிருப்பேன்."

"குனிஞ்சிருக்கலாம். தொழுகை கூடியிருக்கும், குறை ஒண்ணும் இல்லை."

"அப்புறம் எதுக்கு எடுத்துக் குடுத்தீங்க?"

"நீங்க மூணு தடவை திரும்பி வந்தீங்களே."

அப்துல் வதூத் காகிதத்தைப் பார்த்தார். அதைத் தொடவில்லை.

"நான் எழுதினது தப்பா ஹஜ்ரத்?"

"தப்புன்னா கையெழுத்துப் போட்டிருப்பேனா?"

"அப்ப சட்டமே இல்லாத வசனம் எதுக்கு அங்க இருக்கு? எடுத்திருக்கலாமே."

ஓதும்போது எது முன்னால் வருகிறது என்று ஹஜ்ரத் கேட்டார்.

"நாலு மாசம் பத்து நாள்தான். மாத்தின வசனம் முன்னாடி வருது. மாத்தப்பட்டது அதுக்கு அப்புறம், ஆறாவதா வருது. இறங்கின வரிசை வேற, ஓதுற வரிசை வேறன்னு கிதாபுல போட்டிருக்கு."

"ஆமா."

ஹஜ்ரத் காகிதத்தை எடுத்துத் தூசி தட்டி அவர் மடியில் வைத்தார்.

"சட்டம் கேட்டு வந்தவன் நாலு மாசம் பத்து நாளோட எழுந்து போயிடலாம் அண்ணே. ஓதுறவன் இன்னும் ஆறு வசனம் நிக்கணும்."