பஞ்சத்துச் சோளம்

"சாமியம்மா, பட்டினி கிடந்த பயிரோட விதைக்கு அந்தப் பட்டினி தெரியுமா?"

வந்ததும் வராததுமாகத் தளவாய் கேட்டார். ஒரு காலில் செருப்பு இன்னும் கிடந்தது.

உலகம்மை களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும்," என்றார்.

தளவாய் எதிர்பார்த்து வந்த பதில் அது இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நிம்மதியாப் போங்க" என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்திருந்தார். இந்த மாதிரி நேரத்தில் ஒரு குரு சின்னதாக ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று எனக்கே தோன்றும். உலகம்மைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கரிசல் காட்டின் நடுவே ஒரு குன்று. அதன் அடியில் ஒரு கிணறு, ஒரு குடிசை, கொஞ்சம் நிலம். அதுதான் உலகம்மையின் மடம். சீடராக வருகிறவர் முதலில் களை பிடுங்க வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். சீடரான தளவாயைவிட உலகம்மை வயதில் இளையவர். அதனால் சீடர் குருவைச் சாமியம்மா என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார்.

"எந்த விதை அண்ணாச்சி?"

தளவாய் மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே சோளம். சிறுத்து, சுருங்கி, நிறம் மங்கிக் கிடந்தது.

"மழை பொய்ச்ச வருஷம் எங்க காட்டுல விளைஞ்சது. பயிரு இடுப்பளவுகூட வரல. கதிரும் பேருக்குத்தான் வாங்குச்சு. திங்கவும் மனசு வரல, தூரப் போடவும் மனசு வரல."

அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம்தான் அவர் மனைவி பேச்சியின் வயிற்றில் பிள்ளை வளர்ந்தது. பேச்சி ஒரு வேளைக் கஞ்சியில் பத்து மாதத்தையும் ஓட்டினார். பிறந்தது எலிக்குஞ்சு மாதிரி ஒரு பெண். பெயரிலாவது நிறைவு இருக்கட்டும் என்று பூரணம் என்று வைத்தார்கள். இப்போது ஒன்றரை வயது. இன்னும் நிற்கவில்லை.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று ஊரார் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்கிறவர்களுக்கு வாயா வலிக்கும்? இங்கே தகப்பனுக்குத் தூக்கம் போய்விட்டது.

"இத விதைச்சா வருமா, சாமியம்மா?"

உலகம்மை குடிசைக்குள் போய், கிணற்றுத் தண்ணீரில் விளைந்த தன் சோளத்தில் ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். தளவாயின் ஒரு கையில் அதைப் போட்டார். மற்ற கையில் அவருடைய சோளத்தைப் போட்டார்.

ஒரு கை கனத்தது. இன்னொன்றில் விதை இருக்கிற மாதிரியே தெரியவில்லை. தளவாயின் முகம் செத்துப்போயிற்று.

"ரெண்டையும் விதைங்க," என்றார் உலகம்மை.

கனத்த விதையைத் தளவாய் பாத்தியில் அக்கறை இல்லாமல் தூவி, மேலாக மண்ணைத் தள்ளினார். தன் விதைக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்தார். களைக்கொத்தால் ஆழமாகக் குழி பறித்து, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, மண்ணை மூடி, உள்ளங்கையால் அழுத்தி, மேலே முள்ளையும் வெட்டிப் போட்டார்.

"எதுக்கு அவ்வளவு ஆழம்?"

"சின்ன விதைல்லா? எறும்பு இழுத்துரும். குருவி கொத்திரும். வெயிலு சுட்டுரும். எங்க காட்டுலயும் மழைக்கு முந்தி புழுதியில ஆழமாத்தான் போடுவோம். ஒரு தூறலுக்கு ஏமாந்து முளைச்சிரக் கூடாது பாருங்க."

"சரி," என்றார் உலகம்மை. "மிச்சத்தை இங்கனயே வச்சிட்டுப் போங்க. தண்ணி நான் ஊத்திக்கிடுதேன். அடுத்த வாரம் வாங்க."

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. தெரிந்தவர் வாய் திறந்திருக்கலாம்.

அந்த வாரம் முழுக்கத் தளவாய் வீட்டில் கதவு சாத்தியே கிடந்தது. காற்று ஆகாது. வெயில் ஆகாது. கண்ணேறு பட்டுவிடும். பூரணம் தலையில் குல்லாயும் உடம்பில் துணிச்சுற்றுமாக இடுப்பிலும் மடியிலும் மாறி மாறி இருந்தாள். கால் தரையில் படவில்லை. வாசல் பக்கம் கையை நீட்டி அழும்போதெல்லாம் தளவாய் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். சோளம் முளைத்திருக்குமா, முளைத்திருக்குமா என்பதே அவர் நினைப்பு.

மறுவாரம் வந்து பார்த்தார்.

ஒரு பாத்தி பச்சையாக நின்றது. இன்னொன்றில் மண்தான் இருந்தது.

தளவாய் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சோளத்தைக் கேக்கல, சாமியம்மா. எம் பிள்ளையத்தான் கேட்டேன்."

"தெரியும்."

"பேச்சி பட்டினி கிடந்தது நான் சம்பாதிக்காத குத்தம். அது பச்சப்பிள்ள தலையிலயா விடியணும்? அவ ஒண்ணுக்கும் ஆகாத விதையா? ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் எதையும் தாங்கிக்கிடுவேன்."

தாங்குகிற முகம் இல்லை அது.

"சொல்லிக் குடுத்த சொல்லும் கட்டிக் குடுத்த சோறும் எத்தனை நாளைக்கு அண்ணாச்சி? தோண்டிப் பாருங்க."

"செத்ததை எதுக்குத் தோண்டணும்?"

"தோண்டுங்க."

முள்ளை விலக்கினார். களைக்கொத்தை எடுக்க மனம் வரவில்லை. விரலாலேயே மண்ணைக் கிளறினார். கொஞ்ச ஆழத்தில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. நூல் மாதிரி ஒரு முளை. மேலே பார்த்தபடி வளர்ந்து, மண்ணைத் தாண்ட இரண்டு விரல்கடை இருக்கும்போது மடிந்துபோயிருந்தது. பக்கத்தில் கிளறினார். அங்கேயும் ஒன்று. அதற்குப் பக்கத்திலும்.

"முளைச்சிருக்கு! சாமியம்மா, எல்லாம் முளைச்சிருக்கு!"

"ம்."

"பின்ன ஏன் வெளிய வரல?"

"தாயி கட்டிக் குடுத்த சோறு பாதி வழியிலயே தீந்துபோச்சு."

"அப்ப தாய்மேலதான் குத்தமா?"

"அவ இருந்ததைக் கட்டிக் குடுத்தா," என்றார் உலகம்மை. "வழியைத் தூரமாக்குனது ஆரு?"

தளவாய் தன் கையைப் பார்த்தார். நகமெல்லாம் மண்.

உலகம்மை குடிசைக்குப் பின்னால் நடந்தார். தளவாய் பின்னாலேயே போனார். அங்கே ஒரு சிறு பாத்தியில் சோள முளைகள் மெலிந்து நின்றன. பக்கத்தில் விரிந்து கிடந்தது தளவாய் சோளம் முடிந்து வந்த துணி. காலியாக இருந்தது.

"எத்தனை ஆழத்துல போட்டீங்க?"

உலகம்மை சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

"எறும்பு?"

"கொஞ்சம் இழுத்துட்டுப் போச்சு."

"குருவி?"

"அதுவும் கொத்துச்சு. விரட்டுனேன்."

"அந்தப் பாத்திக்கு இது குட்டையா இருக்கே."

"குட்டைதான்."

"வளந்து அத எட்டிப் பிடிக்குமா?"

"தெரியாது அண்ணாச்சி. தண்ணி ஊத்துதேன். அது நிக்குது."

தளவாய் கும்பிடக்கூட மறந்து கிளம்பினார். செருப்பும் அங்கேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சுள்ளென்று வெயில். கதவைத் திறந்து போட்டார். பேச்சியின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கினார். குல்லாயைக் கழற்றினார். துணிச்சுற்றை அவிழ்த்தார். முற்றத்து மண்ணில் அவளை நிற்க வைத்து, கையை விட்டார்.

பூரணம் விழுந்தாள்.

"ஐயோ, ஏங்க! பிள்ளையத் தூக்குங்க!" பேச்சி ஓடி வந்தார்.

"வேண்டாம் பேச்சி. நில்லு."

பிள்ளை அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டது. அவருக்கும் கண்ணீர் வழிந்தது. துடித்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.

அழுகை நின்றது. பூரணம் குனிந்து மண்ணைப் பார்த்தாள். பிறகு அதில் ஒரு கையை ஊன்றினாள்.