மை தடவாத வரி

நாற்பது நாள் கெடு. முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, தன் வம்ச வரலாற்று ஓலைகளில் கறையான் ஏறிவிட்டதென்று கேள்விப்பட்டு, புதுப் படி எடுக்க அப்படிக் கெடு வைத்தார். எழுதும் வேலை அந்துவனுடையது. அவனுக்கு ராஜாவைச் சிரிக்க வைக்கவும் தெரியும். அதுதான் ஆஸ்தானப் புலவர் வடுகநாதருக்குப் பிடிக்கவில்லை.

கரும்பாறைப் போரைச் சொல்லும் ஓலையில் ராஜாவின் பாட்டனாரைப் பற்றி ஒரு வரி இருப்பதாகப் புலவர் அவர் காதில் போட்டார். ராஜா எடுத்துப் படித்தார். முகம் சிவந்தது. அந்தப் போரின் வெற்றிக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கும் நாடு அது.

புதுப் படியில் அந்த வரி தன் கண்ணில் படக்கூடாது, பட வைத்தவன் நாட்டிலேயே இருக்கக்கூடாது என்று அந்துவனிடம் சொல்லிவிட்டார். வரலாற்றில் ஓர் எழுத்தை விட்டாலும் எழுதியவனின் கட்டைவிரலை வெட்ட வேண்டும் என்பது பழைய சட்டம். இதையெல்லாம் யோசித்துத்தான் புலவர் காதில் போட்டிருந்தார்.

கெடு முடிந்த அன்று சபை கூடியது. புலவர் நேராக அந்த ஓலையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். நடுவில் ஒரு வரி அளவுக்கு வெறுமை.

“அரசே, ஒரு வரியை விழுங்கிவிட்டான். விரலை நீட்டச் சொல்லுங்கள்.”

“விரலுக்கு இன்னும் வேலை இருக்கிறது, புலவரே,” என்றான் அந்துவன். “வரியும் அங்கேதான் இருக்கிறது. மையைத் தடவிப் பாருங்கள்.”

“இல்லாத வரிக்கு மை எதற்கப்பா?” என்று சபையைப் பார்த்துச் சிரித்தபடி, புலவர் மைக் கிண்ணத்தில் விரலை விட்டு ஓலைமேல் தேய்த்தார்.

எழுத்தாணி ஓலையைக் கீறத்தான் செய்யும். விளக்குக்கரி மை கீறலில் இறங்கினால்தான் எழுத்து தெரியும். வரி முழுவதும் கறுத்து எழுந்தது.

அந்துவன் கைகட்டி நின்றான். “நான் ஓர் எழுத்தையும் விடவில்லை, அரசே. தங்கள் கண்ணில் பட வைக்கவும் இல்லை. பட வைத்த கை கறுப்பாக இருக்கும்.”

புலவர் கையை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்தார். அதுவும் கறுத்தது.

ராஜாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முத்துமாலையைக் கழற்றி அந்துவன் கழுத்தில் போட்டார். வரியை வாசிக்கும்படி புலவரிடம் சொன்னார். புலவருக்குத் திடீரென்று பார்வை மங்கிவிட்டது.

எல்லோரும்தான் எட்டிப் பார்த்துவிட்டீர்களே என்று சொல்லி, ராஜா தானே ஓலையை வாங்கி உரக்கப் படித்தார்:

“போர் முரசு கேட்டதும் மாமன்னர் வைக்கோல் வண்டிக்குள் படுத்து அரண்மனை திரும்பினார். மாடுகள் இரண்டும் நலம்.”