பூவாயி தீட்டிய குளம்

காட்டுக் குளத்தங்கரையில் பூவாயி என்றொரு மந்தி வாழ்ந்தது. விடிந்ததும் பாறையில் உட்கார்ந்துவிடும். ஆலம் விழுதை மென்று தூரிகையாக்கி, நீல நிற அவுரிச் சாறும் செம்மண்ணும் தொட்டு, எதிரே தெரியும் குளத்தைப் பாக்குமட்டையில் தீட்டும். வெளிச்சம் மாறுவதற்குள் முடிக்க வேண்டுமே! கை பறக்கும்.

புலி ராஜாவின் குகைதான் அரண்மனை; அங்கே ஓவியன் ஒரு கரடி. குகையை விட்டு வெளியே வராது. அது சுவரில் வரைந்த குளம் எந்நாளும் கரை தளும்ப நிற்கும். தாமரை இதழ்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

மாசி மாதம் பூவாயி தன் மட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தது. நாளுக்கு நாள் நீலம் சுருங்கி, சேற்று நிறம் ஏறியிருந்தது. உடனே மட்டைகளை அள்ளிக்கொண்டு புலி ராஜாவிடம் ஓடியது.

"மகாராஜா! குளம் வற்றுகிறது! இப்போதே புறப்பட்டால் எல்லோரும் ஆற்றுக்குப் போய்விடலாம்!"

கரடி மட்டையைப் புரட்டிப் பார்த்தது. "இது குளமா? யாரோ சேற்றுக் காலைத் துடைத்திருக்கிறார்கள்!"

"நேரில் பார்த்துத் தீட்டியது, ஐயா! ஒருநாள் வெளியே வந்து பாருங்களேன்!"

"வெயிலில் காய நான் என்ன குரங்கா?"

புலிக்குக் குகைக்கே தண்ணீர் வந்துவிடும். அது சுவரைக் காட்டியது. "அதோ, குளம் நிறைந்துதானே இருக்கிறது!" என்று சிரித்தது. சபையும் சிரித்தது. தினமும் குளத்தில் நீர் குடித்த புள்ளிமானுக்கு உண்மை தெரியும். ராஜா சிரித்ததால் அதுவும் சிரித்தது.

பூவாயிக்கு அந்தச் சிரிப்புதான் அதிகம் வலித்தது. ஆனாலும் அவர்களை விட்டுத் தனியே போக மனம் வரவில்லை.

சித்திரையில் குளம் வெடித்துக் கிடந்தது. அப்போதுதான் ஆற்றுக்குப் புறப்பட ராஜா உத்தரவிட்டது. வழியில் பாதிப் பேர் விழுந்தார்கள். மானின் குட்டியைப் பூவாயி தோளில் சுமந்தது. ஆறு கண்ணுக்குத் தெரிந்த நேரம் குட்டியின் மூச்சு நின்றது.

மான் கதறியது. "பூவாயி அக்கா! அன்றைக்கு நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

பூவாயி குட்டியை மெல்ல மணலில் கிடத்தியது. எதிர்க்கரையில் கரடி அதற்குள் ஒரு புதுக் குகையைத் தேடிப் பிடித்திருந்தது.

கண்ணால் கண்ட உண்மையை, மேலிடத்துக்குப் பயந்து சிரித்துத் தள்ளுகிறவர்கள், தங்கள் பிள்ளைகளையே அதற்குப் பலி கொடுக்கிறார்கள்.