அரிசியைச் சோதித்த அமைச்சர்

முன்னொரு காலத்தில் மருதவளநாட்டைச் செங்கோடன் என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் முன்கோபி. கடைசியாகக் காதில் ஓதியவர் சொன்னதே அவனுக்கு வேதம்.

பெரும்பாலும் ஓதியவர் சபைப் பண்டிதர் பேரம்பலத்தார். குற்றம் சாட்டப்பட்டவனைப் பச்சரிசி மென்று துப்பச் சொல்வார். பொய்யனுக்கு நாக்கு வறளுமாம். அரிசி காய்ந்திருந்தால் கழுமரம். ராணியின் முத்துமாலை காணாமல் போனபோது, விளக்கேற்றும் வேலைக்காரன் காளத்தி துப்பிய அரிசியும் காய்ந்தே கிடந்தது.

"நாளைக்குக் கழுவேற்றுங்கள்" என்றான் மன்னன்.

அமைச்சர் நல்லாதனார் எழுந்தார். "அரசே, காளத்தியைச் சோதித்தாயிற்று. அரிசியை யார் சோதித்தது?"

பேரம்பலத்தார் சிரித்தார். "என் அரிசி ஒரு தடவைகூடத் தவறியதில்லை, அமைச்சரே!"

"தவறியிருந்தால், அதை வந்து சொல்ல வேண்டியவன் உயிரோடு இல்லையே, ஐயா."

மன்னனுக்குச் சுருக்கென்றது. "சரி, சோதியும்" என்றான்.

நாற்பது வீரர்களைத் தனித்தனியே அழைத்து, பாதிப் பேர் மடியில் மன்னனே ஆளுக்கொரு மோதிரத்தை ஒளித்து வைத்தான். எல்லோரும் "என்னிடம் மோதிரம் இல்லை" என்றே சொல்ல வேண்டும். பொய்யன் என்று தீர்ப்பானவனுக்குச் சவுக்கடி என்று பயமுறுத்தியும் வைத்தார்கள். பண்டிதர் அரிசியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். அமைச்சரோ ஒவ்வொருவனுக்கும் ஒரு சோழியை உருட்டினார். நிமிர்ந்தால் பொய், கவிழ்ந்தால் மெய்.

அரிசி சொன்னதில் இருபத்தொன்று சரி. சோழி சொன்னதில் பத்தொன்பது.

"அரிசி வென்றது!" என்று துள்ளினார் பண்டிதர்.

"இந்த வித்தியாசம் தாயம் உருட்டினாலும் வரும். ஆட்களை மாற்றி மறுபடி பார்ப்போம்" என்றார் அமைச்சர்.

மறுமுறை சோழி வென்றது. மூன்றாம் முறை இரண்டும் சமம். மடியில் ஒன்றுமே இல்லாதவர்கள்கூடப் பயத்தில் வாய் உலர்ந்து நின்றதை மன்னன் கண்ணாரப் பார்த்தான். சவுக்கை எடுத்துப் போகச் சொன்னான்.

"பண்டிதரே, உம் இடத்தில் சோழியை உட்கார வைக்கட்டுமா? அதற்குச் சம்பளமும் வேண்டாம்" என்றான் மன்னன்.

பேரம்பலத்தார் தலை குனிந்து வெளியேறினார். தன் கழுத்து ஆரத்தை அமைச்சருக்கு அணிவித்துவிட்டு, மன்னன் காளத்தியின் விலங்கைத் தானே கழற்றினான். "நீ போகலாமப்பா. உன்மேல் வேறு சாட்சி இல்லை."

காளத்தி நகரவில்லை. கைகூப்பினான். "போன ஆடியில என் அண்ணனும் இதே அரிசியத்தான் மென்னு துப்பினான், மகாராசா. அவனுக்கு என்ன சொல்றீங்க?"

நாடாண்டவன் விளக்கேற்றுகிறவன் காலில் விழுந்தான்.

அதற்கப்புறம் அந்த நாட்டில் அரிசி உலைக்கு மட்டும்தான் போனது.