பள்ளம் விழாத கத்தி

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் வளவில் குழாயடி எல்லாருக்கும் பொது. அதற்கு எதிரே அமலோற்பவம் மாஸ்டர் வீடு. வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவர். வயது முப்பத்தாறுதான். அவரிடம் வேலை பழகுகிற சுடலைமுத்து அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு. மில் மூடினபிறகு வந்து சேர்ந்தவர். பொம்பளைகிட்ட போய்த் தொழில் படிக்கியாக்கும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். கரண்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா வே என்று கேட்டுவிட்டு இவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

அண்ணாச்சிக்கு ஒரு கிறுக்கு உண்டு. வயர்மேன் கத்தி சேர்ப்பது. மடக்குகிற கத்தி, மரப்பிடி, வயர் சீவ ஓர் அலகு, பக்கத்திலேயே ஒரு திருப்புளி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்குவார். துரு எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, சாக்குத் துணியில் சுற்றி வைப்பார். அப்படி முப்பத்தொரு கத்தி இருந்தது. எல்லாவற்றிலும் அலகின் வாயில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளமாவது இருக்கும். கரண்டு ஓடுகிற இரண்டு வயரையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டிவிட்டால் நெருப்புப் பறந்து இரும்பு உருகிப் போகுமாம். அந்தத் தடம் இல்லாத கத்தி ஒன்று வேண்டும் என்று மூன்று வருசமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அண்ணாச்சி முகத்தில் கல்யாணக் களை. முப்பத்திரண்டாவது கிடைத்துவிட்டது. ஈட்டிமரப் பிடி. அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது, ரொம்பக் காலம் உழைத்த கத்தி. ஆனால் வாயில் ஒரு பொட்டுப் பள்ளம் கிடையாது.

மறுநாள் அவர் முதல்முறையாகத் தனியாக வேலைக்குப் போக வேண்டும், ஐஸ் பேக்டரிக்கு. அங்கே தரையெல்லாம் தண்ணீர். ஐஸ் உருகிவிடும் என்று மெயினை நிறுத்த விடமாட்டார்கள். அதனால் என்ன, ராசியான கத்தியாக வந்திருக்கிறது, இதையே கொண்டுபோகிறேன் என்றார்.

மாஸ்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு கேட்கணும் மாஸ்டர்" என்றார் அண்ணாச்சி. "இந்தக் கத்திக்காரன் ஆயுசு பூரா வெட்டியிருக்கான். ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணலை. இவனை மாதிரிக் கை எனக்கு எப்போ வரும்?"

மாஸ்டர் உள்ளே போய் சீரிஸ் பல்பை எடுத்து வந்தார். அதில் இரண்டு வயர் முனை தொங்கும். ஒரு பொருளில் இரண்டு முனையையும் வைத்தால், அதற்குள் கரண்டு ஓடினால் பல்பு எரியும், ஓடாவிட்டால் எரியாது. கத்தியை மர ஸ்டூலில் கிடத்தினார். ஒரு முனையை அலகில் வைத்தார். இன்னொன்றைப் பிடியில், உள்ளங்கை படுகிற இடத்தில் வைத்தார். அங்கே ஒரு சின்னப் பித்தளை ஆணி இருந்தது. அதுவரைக்கும் நானும் பார்க்கவில்லை, அண்ணாச்சியும் பார்க்கவில்லை.

பல்பு எரிந்தது.

அண்ணாச்சி தன் உள்ளங்கையைப் பார்த்தார். காலையிலிருந்து அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டே திரிந்த கை.

"மரம் பழசு" என்றார் மாஸ்டர். "ஆணி புதுசு."

பிடி ஆடியிருக்கும், யாரோ அலகு வரைக்கும் ஆணி இறக்கி இறுக்கியிருப்பார்கள் என்றார். அண்ணாச்சிக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஆணி வழியாக யாருக்கும் ஷாக் அடித்திருந்தால் அலகில் தடம் இருக்க வேண்டுமே என்று விடாமல் கேட்டார்.

மாஸ்டர் தன் இடுப்புப் பையிலிருந்து தன்னுடைய கத்தியை எடுத்து விரித்தார். நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பள்ளம். தொழிலுக்கு வந்த முதல் வருசம் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு வயரையும் சேர்த்து வெட்டிவிட்டாராம். மண்டபமே இருட்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்கள். அரைமணி நேரம் கண் தெரியவில்லையாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பியூஸ் கட்டிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறாக்குனேன்."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"ரெண்டு வயரும் சேர்ந்தாத்தான் அண்ணாச்சி இரும்பு உருகும். ஒத்த வயரைத் தொட்டா கத்திக்கு ஒண்ணும் ஆகாது. கரண்டுக்குச் சும்மா கை வரைக்கும் வழிவிடும்."

நான் கையிலிருந்த நெத்திலியைச் சட்டியில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை யார் கடையில் போட்டது என்று மாஸ்டர் கேட்டார். கடைக்காரர் சொன்னதை அண்ணாச்சி சொன்னார். ஒரு பொம்பளை வந்தாளாம். கத்தி மட்டும் இல்லை, கட்டிங் பிளேயர், டெஸ்டர், பாதி சுற்றின டேப்பு, எல்லாம் பையோடு. தராசில் வைக்கச் சொல்லிவிட்டு, விலைகூடப் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாளாம். விவரம் தெரியாத பொம்பளை என்று கடைக்காரர் சிரித்தாராம். அதைச் சொல்லும்போதே அண்ணாச்சிக்குக் குரல் இறங்கிவிட்டது.

ஸ்டூலில் கிடந்த கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ இதுல விழவேண்டிய பள்ளம் எங்க விழுந்துச்சு மாஸ்டர்?"

"அது கத்தியில தெரியாது அண்ணாச்சி. பையைக் கொண்டாந்து போட்டாளே, அவ வீட்டுல போய்ப் பாருங்க."

அண்ணாச்சி கத்தியை மடக்கிச் சட்டைப் பைக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. அதை ஸ்டூலிலேயே வைத்துவிட்டார். பிறகு தலையை நிமிர்த்தி, நாளைக்கு அவங்க மெயினை நிறுத்தினாத்தான் நான் என்று ஏதோ ஆரம்பித்தார், அதற்குள் என் பிள்ளை முழித்துவிட்டான் என்று வீட்டுக்குள்ளிருந்து எங்கள் அத்தை கூப்பிட்டார்கள், நான் நெத்திலிச் சட்டியோடு எழுந்து போய்விட்டேன்.