மேலக்கரைக் கொடைக்கு வெற்றிலை

இசக்கியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலக்கரையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, மூச்சிரைக்கச் சொர்ணத்தின் வாசலில் நின்றாள். சொர்ணம்தான் அவளுக்குக் கரகாட்டம் சொல்லிக் கொடுத்தவள். இத்தனை நாளும் அடுத்தவர் ஆட்டத்தில் ஓரமாக நின்று ஆடிய இசக்கிக்கு, ஒரு கொடைத் திருவிழாவிலாவது ஊர் நடுவே தனியாக ஆடிவிட வேண்டும் என்பது முழித்திருக்கும்போதும் வரும் கனவு.

“அக்கா, மேலக்கரை அம்மன் கொடைக்கு இந்தத் தடவ நாந்தான் ஆடுதேன்!”

“அங்க வருஷா வருஷம் பேச்சிக்கனியில்லா ஆடுவா?”

“நான் பாதிக் கூலிக்கு ஆடுதேன்னு சொன்னேன். தர்மகர்த்தா அப்பவே சரின்னுட்டாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் ஒன்றுமில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்ட சந்தோஷம்தான்.

“வெத்தல வாங்கிட்டியா?”

“நீங்க இல்லாம எப்படிக்கா வாங்குவேன்? கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

தனியாக ஆடும் முதல் ஆட்டத்துக்கு, குருவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெற்றிலை வாங்குவது அவர்கள் வழக்கம். வாங்கிவிட்டால் ஊரே நினைத்தாலும் ஆட்டக்காரியை மாற்ற முடியாது. வாங்கும்வரை எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு.

சொர்ணம் செருப்பை மாட்டிக்கொண்டாள். “வா, போவோம்.”

கோயில் வாசலில் தர்மகர்த்தா சுடலையாண்டி வெற்றிலைத் தட்டோடு தயாராக இருந்தார். மிச்சமாகும் பணத்தில் வாணவேடிக்கை விடலாமா என்று தவில்காரர் கோமதிநாயகத்திடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் தட்டை இசக்கியிடம் நீட்டினார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினாள்.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம்,” என்றாள் சொர்ணம். “இந்தக் கொடைக்கு நான் சும்மாவே ஆடுதேன். கூலி வேண்டாம். சாப்பாடு போட்டாப் போதும்.”

அண்ணாச்சியின் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. தட்டு அப்படியே சொர்ணத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

“கேட்டீராவே கோமதிநாயகம்? ஆடுதவளே சும்மா ஆடுதா. தவில் அடிக்கிற ஒமக்கு என்னத்துக்குக் கூலி?”

தவில்காரர் பதறிப்போய் முன்னால் வந்தார். அதுவரை அவருடைய கூலியைப் பற்றி யாரும் ஒரு பேச்சுப் பேசியதில்லை.

இசக்கிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெற்றிலைக்கு நீண்ட சொர்ணத்தின் கையை எட்டிப் பிடித்தாள்.

“வாங்காதீய அக்கா.”

“ஏன்?”

“எனக்கு வந்த ஆட்டத்த நீங்களே பிடுங்குதீயளே, இது அடுக்குமா? நீங்க சும்மா ஆடிட்டுப் போயிருவீய. நாளைக்கு நான் எந்த ஊர்ல போயி என்ன கூலி கேப்பேன்? என் வீட்டுல உலை வைக்காண்டாமா?”

அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிடித்த கையை மட்டும் விடவில்லை. தர்மகர்த்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி தட்டோடு நின்றார்.

சொர்ணமும் கையை உருவிக்கொள்ளவில்லை.

“ஏட்டி, பேச்சிக்கனிக்கு இன்னும் சேதி போகல. போனதும், ஒனக்குச் சொல்லிக் கொடுத்தவ நாந்தான்னு எங்கிட்ட வந்து இதையேதான் கேப்பா. நான் என்ன பதில் சொன்னா ஒனக்கு மனசு ஆறும்? சொல்லு. அவளுக்கும் அதையே சொல்லிருதேன்.”